இடுப்புக்குழியை அளக்காமல் உள்ளே போனோம்: நடுவழியில் திறந்த அறுவைக்கு மாறிய ஒரு மலக்குடல் புற்றுநோய் நிகழ்வு

பின்னணி

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை நாலரை மணிக்கே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி, வண்டன்மேடு, புளியன்மலைப் பக்கம் உள்ள ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். இந்த நிகழ்வின் நோயாளி அப்படி 28 வருடமாக ஜீப் ஓட்டுபவர். வயது 54. உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை. பீடியை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. 19 வயதில் குடல்வால் வெடித்து, தொப்புளுக்குக் கீழே நடுவில் கீறி அறுவை செய்த தழும்பு வயிற்றில் இருந்தது.

மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்து எட்டு மாதம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார். அதுவரை மூலம் என்று மலைமேல் ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் மருந்து வாங்கியிருக்கிறார். நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆள் என்பதால் மூலம் என்றதும் எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. இந்த எட்டு மாதத்தில் யாரும் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தபோது கட்டி விரலுக்கே எட்டியது.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

முதலில் கண்டது

கொலோனோஸ்கோப்பியில் ஆசனவாய் விளிம்பிலிருந்து 6 செ.மீ. உயரத்தில், மலக்குடலின் முன்சுவரில், 4.5 செ.மீ. நீளக் கட்டி. சதைத்துண்டுப் பரிசோதனையில் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய். சிடி ஸ்கேனில் ஈரலிலோ நுரையீரலிலோ பரவல் இல்லை. ஹீமோகுளோபின் 9.2. எம்ஆர்ஐ படத்தில் கட்டி மலக்குடல் சுவரைத் தாண்டிச் சுற்றுக்கொழுப்புக்குள் நுழைந்திருந்தது. வெட்ட வேண்டிய எல்லையிலிருந்து 2 மி.மீ. தூரத்தில் நின்றது. பக்கத்து நிணநீர் முடிச்சுகள் இரண்டு சந்தேகமாகத் தெரிந்தன.

சிறுநீர்ப்பைக்கு அடியில் உள்ள புரோஸ்டேட் சுரப்பி பெரிதாகியிருப்பதாக அறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை நாங்கள் படித்தோம், கடந்துபோனோம்.

கதிர்வீச்சும் காய் பறிப்பும்

முதலில் கதிர்வீச்சும் மாத்திரைக் கீமோவும், அப்புறம் அறுவை என்று முடிவானது. இந்த நிலையில் அதுதான் வழக்கம். மதுரையில் தங்கி 28 தவணையாக 50.4 கிரே கதிர்வீச்சும், கூடவே கேபெசிடபின் மாத்திரையும் எடுத்துக்கொண்டார். ஜூலை நடுவில் முடிந்தது. எட்டு முதல் பத்து வாரத்துக்குள், அதாவது செப்டம்பரில், அறுவை செய்யத் திட்டம்.

செப்டம்பரில் அவர் வரவில்லை. ஆகஸ்டில் மலைமேல் ஏலக்காய் பறிப்பு சூடுபிடிக்கும். ஆறு வாரம் மதுரையில் கிடந்ததில் ஜீப் தவணை நின்றுபோயிருந்தது. ரத்தம் போவதும் நின்றுவிட்டது. 'நல்லாயிருச்சே, காய் முடியட்டும்' என்று இருந்துவிட்டார். நாங்கள் இரண்டு முறை போன் செய்ததோடு சரி. அக்டோபர் கடைசியில், கதிர்வீச்சு முடிந்து பதினாலாம் வாரம், மனைவிதான் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்தத் தாமதம் ஏன் முக்கியம் என்று சொல்லியாக வேண்டும். கதிர்வீச்சு பட்ட திசு முதல் சில வாரம் நீர் கோத்து மிருதுவாக இருக்கும். நாள் போகப் போக நார் விழுந்து இறுகும். மலக்குடலுக்கும் சுற்றுச் சுவருக்கும் நடுவில் பஞ்சு மாதிரி பிரியும் ஓர் அடுக்கு உண்டு. 1982இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஹீல்ட் அந்த அடுக்கின் வழியே மலக்குடலையும் அதன் கொழுப்புறையையும் ஒரே பொதியாக எடுக்க வேண்டும் என்று எழுதியதிலிருந்து, மலக்குடல் புற்றுநோய் அறுவை முழுக்க அந்த அடுக்கைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. இறுகிப்போனால் அடுக்கு கண்ணுக்குத் தெரியாது. 7 வாரம் காத்திருப்பதையும் 11 வாரம் காத்திருப்பதையும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. கூடுதலாகக் காத்திருந்ததால் கட்டி முழுக்கக் கரைந்தவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. சிக்கல்கள் கூடின, எடுத்த பொதியின் தரமும் குறைந்தது.

எந்த வழி என்று தீர்மானித்தது

லேப்ராஸ்கோப்பி வழியே, அதாவது சிறு துளைகளில் கேமராவும் கருவிகளும் விட்டு, செய்யலாம் என்று முடிவு செய்தோம். காரணங்கள் நியாயமானவைதான். கட்டி சுருங்கியிருந்தது, திரும்ப எடுத்த எம்ஆர்ஐயில் 3 செ.மீ. உடல் எடைக் குறியீடு 26.4. இந்தியக் கணக்கில் அது பருமன், ஆனால் மேலைநாட்டு அட்டவணையில் சாதாரணமாகக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. பழைய தழும்பு இருந்தாலும் வெறும் குடல்வால் அறுவை. சர்க்கரை உள்ளவருக்குப் பெரிய காயம் இல்லாமல் முடித்தால் நல்லது. வலி குறையும், சீக்கிரம் எழுந்து நடப்பார்.

சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அதற்கு முந்தின வாரம்தான் 56 வயதுப் பெண் ஒருவருக்கு, அதே 6 செ.மீ. உயரத்தில் இருந்த இதைவிடப் பெரிய கட்டியை எடுத்திருந்தோம். அவருடைய குறியீடு 31. கஷ்டப்படப் போகிறோம் என்று நினைத்து உள்ளே போனோம். மூன்று மணி இருபது நிமிடத்தில் தையல் போட்டுவிட்டோம். 31ஐயே முடித்தவர்களுக்கு 26 எம்மாத்திரம் என்ற எண்ணம் எங்கள் மூவர் மனதிலும் இருந்தது.

அறுவைக்கு முந்தின நாள் மனைவி கேட்டார்: "சார், ஓட்டை போட்டுத்தான பண்ணுவீங்க? கீறிட்டா அவரால கியர் போட முடியாதே."

"ஓட்டைதாம்மா. தேவைப்பட்டா மட்டும் கீறுவோம்" என்று சொன்னோம். சம்மதப் படிவத்திலும் அந்த வரி அச்சடித்தே இருக்கிறது. முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது.

அறுவை நாள்

காலை 9 மணிக்கு ஆரம்பித்தோம். தழும்பை விட்டு விலகி, இடது விலாவுக்குக் கீழே முதல் துளை. உள்ளே பார்த்தால் வபையும் (குடலின் முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை) சிறுகுடல் வளையங்கள் நான்கும் தழும்பின் உள்பக்கம் ஒட்டிக்கிடந்தன. அன்றைக்கு வெடித்த குடல்வாலின் சீழ் வயிறு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். குடலில் ஓட்டை விழாமல் பிரித்து எடுக்க 50 நிமிடம்.

அடுத்தது கொழுப்பு. தோலுக்கு அடியில் அவருக்குக் கொழுப்பு அதிகமில்லை. கை கால் ஒல்லிதான். எல்லாம் வயிற்றுக்குள். குடலைப் பின்சுவரோடு பிடித்திருக்கும் குடல் தாங்கியும் வபையும் கனத்துத் தொங்கின. இடுப்புக்குழியில் வேலை செய்யத் தலைப்பக்கம் தாழும்படி சாய்த்து, சிறுகுடலை மேலே தள்ளி நிறுத்த வேண்டும். கனத்த குடல் நிற்காமல் வழுக்கி வழுக்கி இறங்கியது. இன்னும் சாய்த்தோம். மயக்க மருத்துவர் மூச்சுக்குழல் அழுத்தம் ஏறுகிறது என்று எச்சரித்தார். வருடக்கணக்கில் பீடி குடித்த நுரையீரல், மேலே ஏறி உட்கார்ந்த வயிறு, இடம் கிடைக்க உள்ளே 14 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்திய வாயு. சாய்வைக் குறைத்தோம், வாயு அழுத்தத்தை 10க்கு இறக்கினோம். அவருக்கு மூச்சு சுலபமானது, எங்களுக்கு இடம் சுருங்கியது.

ரத்தக்குழாயைக் கட்டி, இடதுபக்கப் பெருங்குடலை முழுக்க விடுவித்து இடுப்புக்குழிக்குள் இறங்கும்போது மணி 12.50.

இங்கே ஒரு விளக்கம். வாயு செலுத்தினால் வயிற்றுச் சுவர் பலூன் மாதிரி உப்பி இடம் தரும். இடுப்புக்குழியின் சுவர் எலும்பு. அது உப்பாது. உள்ள இடம் எவ்வளவோ அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் மலக்குடல், அதன் கொழுப்புறை, முன்னால் சிறுநீர்ப்பை, விந்துப்பைகள், புரோஸ்டேட் எல்லாம் இருக்கின்றன. நம்முடைய கருவிகளோ நேரான குச்சிகள். வாய் ஒடுங்கிய பானைக்குள் நாலு அகப்பையை ஒன்றாக விட்டு அடியைச் சுரண்டுகிற மாதிரி. பெண்களின் இடுப்பு அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருப்பதால் அவர்களுக்குச் செய்வது பெரும்பாலும் எளிது. குட்டையான, வயிறு போட்ட ஆணுக்கு எல்லாம் தலைகீழ்.

பின்பக்கம் ஓரளவு நன்றாகவே பிரிந்தது. முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பு ஆழமாக வளைந்து உள்ளே போனதால், அந்த வளைவுக்குக் கீழே நேர்க்கருவி எட்டவில்லை. முன்பக்கம்தான் நின்றுவிட்டோம். கட்டி இருந்த இடம் விந்துப்பைகளுக்கு நேர் பின்னால். பஞ்சு மாதிரி பிரிய வேண்டிய அடுக்கு வெள்ளையாக இறுகி, தோல் வார் மாதிரி இருந்தது. பெருத்த புரோஸ்டேட் பின்னால் தள்ளிக்கொண்டு, கொஞ்சநஞ்ச இடத்தையும் அடைத்தது. மலக்குடலை ஒருபக்கம் இழுத்துப் பிடித்தால் இன்னொரு பக்கம் கேமரா போக வழியில்லை.

2.10க்கு இடது முன்மூலையில் ரத்தம் பீறிட்டது. புரோஸ்டேட்டுக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து ஓடும் இடம். அமுக்கிப் பிடித்து நிறுத்தக் கால் மணி நேரம். கொழுப்புறையில் அதே இடத்தில் 2 செ.மீ. கிழிசலும் விழுந்திருந்தது.

அந்த நிமிடத்தில் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. 'இன்னும் இரண்டு சென்டிமீட்டர்தான்' என்று தொடர்ந்தோம். ஐந்து மணி நேரம் நின்ற பிறகு வருகிற பிடிவாதம் அது. அறுவை அரங்கில் நின்றவர்களுக்குத் தெரியும்.

2.45க்குக் கட்டிக்குக் கீழே, குடலைத் தைத்தபடியே வெட்டும் ஸ்டேப்ளர் கருவியை வைக்கப் பார்த்தோம். குறுக்காக விழ வேண்டிய வெட்டு சாய்வாகத்தான் விழுந்தது. அப்படி வெட்டினால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று, நாலு முறை ஸ்டேப்ளரை இயக்க வேண்டிவரும். வெட்டுக்கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையும் பின்னால் கசியக்கூடிய இடம். இயக்காமலே ஸ்டேப்ளரை வெளியே எடுத்தோம்.

திறந்தது

3.05க்குப் பழைய தழும்பின் வழியாகவே கீறினோம். திறந்ததும் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒடுங்கிய இடுப்பு திறந்தாலும் ஒடுங்கிய இடுப்புதான். உள்ளே ஒரு கை போனால் கண் மறைந்துவிடும். ஆனால் இரண்டு வசதி கிடைத்தது. வெளியிலிருந்து உதவியாளர் முஷ்டியால் ஆசனவாய்ப் பகுதியை மேலே அழுத்தித் தரும்போது கட்டியின் அடிப்பகுதி இரண்டு விரற்கடை மேலே வந்தது. முனை வளைந்த ஸ்டேப்ளரை வைத்து ஒரே வெட்டில் குறுக்காக அறுக்க முடிந்தது. குடலை இணைத்து, அந்த இணைப்பு ஆறும்வரை மலம் போகாமலிருக்க வலது பக்கம் சிறுகுடலை வெளியே எடுத்துப் பை வைத்தோம்.

முடிந்தபோது 5.40. ரத்த இழப்பு சுமார் 850 மி.லி. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம்.

வெளியே வந்து சொன்னதும் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓட்டைன்னு சொன்னீங்க, முழுசாக் கீறிட்டீங்களே சார். உள்ள ஏதும் தப்பாப் போச்சா?" என்றார். கட்டி முழுக்க வந்துவிட்டது என்று நாங்கள் சொன்னதை அவர் நம்பவே இரண்டு நாள் ஆனது. திறந்த அறுவைக்கு மாறுவது பாதுகாப்பான முடிவு என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். முன்கூட்டிப் புரியும்படி சொல்லாவிட்டால் குடும்பத்துக்கு அது தோல்வியாகத்தான் தெரியும்.

அதற்குப் பின் நடந்தது

குடல் அசைய ஐந்து நாள் ஆனது. இணைப்பு கசியவில்லை. ஏழாம் நாள் காயத்தின் கீழ்ப்பாதியில் சீழ் வைத்தது. சிறுநீர்க் குழாயை எடுத்ததும் சிறுநீர் அடைத்துக்கொண்டது. திரும்பக் குழாய் போட்டு, அதோடேயே பதினாலாம் நாள் வீட்டுக்குப் போனார். நாலாம் வாரம்தான் தானாகப் போக ஆரம்பித்தார். பெரிய புரோஸ்டேட்டும் நாங்கள் சேதப்படுத்திய நரம்பும் இதில் ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வாரம் பையில் தண்ணீராகப் போய், நாக்கு வறண்டு, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் 2.1க்கு ஏறித் திரும்பச் சேர்ந்தார். உப்பும் நீரும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம், ஆனால் அவரிடம் மட்டும். வீட்டில் கஞ்சி காய்ச்சுபவரிடம் சொல்லவில்லை.

பரிசோதனை அறிக்கையில் சுற்றுவட்ட எல்லை 2 மி.மீ., கீழ் எல்லை 1.5 செ.மீ., இரண்டும் சுத்தம். எடுத்த 11 முடிச்சுகளில் ஒன்றில் நோய். கொழுப்புறை முழுமையாக இல்லை, 'ஏறக்குறைய முழுமை' என்ற இரண்டாம் தரம். கிழிந்த இடம் அறிக்கையில் அப்படியே இருந்தது. காயம் ஆறத் தாமதமானதால் கீமோவும் பத்தாம் வாரம்தான் தொடங்க முடிந்தது.

நாலாம் மாதம் தனியாக வந்தார். வேறு எதையெதையோ பேசிவிட்டு, எழுந்து போகும்போது, "மத்தபடி வீட்டுல... ஒண்ணும் முடியல சார்" என்றார். ஆண்மை பாதிக்கப்படலாம் என்று அறுவைக்கு முன் இவரிடம் தெளிவாகச் சொன்ன நினைவு எங்கள் யாருக்கும் இல்லை. குறிப்பேட்டிலும் இல்லை. மாத்திரை கொடுத்தோம். ஓரளவு பலன்.

ஏழாம் மாதம் பையை எடுத்து, வெளியே வைத்த சிறுகுடலை உள்ளே வைத்து மூடினோம். ஒரு நாளைக்கு ஆறேழு முறை மலம் கழிக்கப் போக வேண்டியிருந்தது. வந்தால் தாங்கவும் முடியாது. கொண்டை ஊசி வளைவில் பதினைந்து ஆட்களோடு ஜீப்பை நிறுத்திவிட்டுப் போக முடியாது. ஆள் ஏற்றும் வேலையை விட்டுவிட்டு இப்போது கம்பத்துக்குள்ளேயே சரக்கு வண்டி ஓட்டுகிறார். பதினெட்டாம் மாத ஸ்கேன் வரை நோய் திரும்பவில்லை.

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது

அறுவை முடிந்த மறுவாரமே அவருடைய பழைய எம்ஆர்ஐ, சிடி படங்களை ரேடியாலஜி மருத்துவரோடு உட்கார்ந்து அளந்தோம். அரை மணி நேர வேலை. இடுப்பெலும்பின் உள்முட்கள் இரண்டுக்கும் நடுவே 8.4 செ.மீ. உட்காரும் எலும்பு முனைகளுக்கு நடுவே 9.2 செ.மீ. புரோஸ்டேட் 48 கிராம். தொப்புள் மட்டத்தில் வயிற்றுக்குள் கொழுப்பின் பரப்பு 186 சதுர செ.மீ.; ஜப்பானியர் 100ஐத் தாண்டினாலே வயிற்றுக்குள் பருமன் என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு 99 செ.மீ. அதை வெளிநோயாளி அறையிலேயே நர்ஸ் அளந்து எழுதி வைத்திருந்தார். இந்திய ஆணுக்கு 90தான் எல்லை.

முந்தின வாரத்துப் பெண்ணின் படத்தையும் எடுத்தோம். முட்களுக்கு நடுவே 11.3 செ.மீ. கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில். கட்டி பின்சுவரில். குறியீடு 31 என்பது அவர் எவ்வளவு கனம் என்று சொன்னதே தவிர, அந்தக் கனம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

வெளிநாட்டு எண்களைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்துத் திறந்த அறுவைக்கு மாறியவர்கள் கொரியாவில் நடந்த பெரிய ஆய்வில் 1.2 சதவீதம். பல நாடுகள் சேர்ந்த கலர் 2 ஆய்வில் 17. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் ஆய்வில், 2005இல், 34. கை தேர்ச்சி ஒரு காரணம். மேசைமேல் படுத்திருப்பவரின் உடல்வாகு இன்னொரு காரணம். நம் பள்ளத்தாக்கின் ஆட்கள் கொரியர்களைப் போல ஒல்லி என்று எடைக் குறியீட்டை வைத்து நினைத்துக்கொண்டால் ஏமாறுவோம்.

இப்போது என்ன மாற்றியிருக்கிறோம்

மலக்குடல் எம்ஆர்ஐ கேட்கும் சீட்டில் எலும்பு அளவுகளையும் புரோஸ்டேட் அளவையும் சேர்த்துக் கேட்கிறோம். ரேடியாலஜி மருத்துவர் முதலில் முணுமுணுத்தார், இப்போது கேட்காமலே எழுதுகிறார். ஆண், ஒடுங்கிய இடுப்பு, வயிற்றுக்குள் கொழுப்பு, முன்சுவரில் தாழ்ந்த கட்டி, கதிர்வீச்சு, பழைய அறுவை ஆகியவற்றில் மூன்று சேர்ந்தால் வழியை ஒருவராகத் தீர்மானிப்பதில்லை.

ரோபோ இருக்கும் கொச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பலாமே என்று கேட்பார்கள். 2017இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில் திறந்த அறுவைக்கு மாறியவர்கள் லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆண்களுக்குக் கொஞ்சம் உதவலாம் என்று தோன்றுகிறது. செலவைச் சொல்லி, முடிவை வீட்டாரிடம் விடுகிறோம்.

இடுப்புக்குழிக்குள் இறங்கி ஒரு மணி நேரத்தில் முன்பக்கம் விந்துப்பைகளைத் தாண்டவில்லை என்றால் திறப்பது என்று நேரம் குறித்துக்கொள்கிறோம். நேரத்தைச் சொல்வது மயக்க மருத்துவர். அவருக்கு அந்தப் பிடிவாதம் இல்லை.

கதிர்வீச்சு முடிந்தவர்களை எட்டாம் வாரம் போன் போட்டுக் கூப்பிட ஒரு ஆள் வைத்திருக்கிறோம். காய் பறிப்புக் காலமா என்பதை முதல் நாளே கேட்டு, கதிர்வீச்சுத் தேதியை அதற்கேற்ப முன்னே பின்னே தள்ளுகிறோம்.

போன மாதம் சின்னமனூர்ப் பக்கம் இருந்து ஒருவர், கிட்டத்தட்ட இதே உடல்வாகு, முட்களுக்கு நடுவே 8.6. வயிற்றுக்குள் மேல்வேலையை லேப்ராஸ்கோப்பியில் முடித்துவிட்டு, இடுப்புக்குழிக்குத் தொப்புளுக்குக் கீழே கீறுவோம் என்று முன்கூட்டியே படம் வரைந்து காட்டிச் சொன்னோம். அவருடைய மகன் அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டார். நாலு மணி பத்து நிமிடம் ஆனது. கொழுப்புறை முழுமை.